எனாமல் தட்டில் ஓர் அரசமரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருகோணமலை உள்துறைமுகப் பக்கமாகச் சந்தைக்குப் போனவர்களுக்கு அந்த அரசமரத்தைத் தெரிந்திருக்கும். அடியில் ஒரு சின்னப் பிள்ளையார். தாழ்ந்த கிளைகளில் மஞ்சள் துணியில் கட்டிய குட்டித் தொட்டில்கள். திங்கட்கிழமை விடிந்தால் பாலையூற்றிலிருந்தும், பஸ் ஏறி ஈச்சிலம்பற்றிலிருந்தும் பெண்கள் ஈரத் தலையோடு வந்து பிள்ளை வரம் கேட்டுச் சுற்றுவார்கள். கேட்டதைத் தருகிற மரம் என்று பெயர் எடுத்திருந்தது.

அந்த மரத்தை ஊருக்குக் கொண்டுவந்தவள் நான். அதற்கு முன் சில வருஷம் அது நுவரெலியாவில் என் குசினியில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில், ஒரு எனாமல் தட்டில் முழங்கை உயரத்துக்கு நின்றது. எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் சந்தைக்குப் போகும்போது அந்தத் தெருவை விட்டு மறுதெருவால் போவேன். மறுதெருவில் கருவாட்டு நாற்றம் மூக்கைத் துளைக்கும். இருந்தாலும் எனக்கு அதுதான் வசதி.

கலியாணம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரருக்கு நுவரெலியாத் தபால் கந்தோருக்கு மாற்றம் வந்தது. திருமலை வெயிலில் காய்ந்து வளர்ந்த எனக்கு அந்த ஊர் ஒத்துவரவில்லை. தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். அடுப்பில் காட்டித்தான் தலைக்கு வைக்க வேண்டும். துவைத்த சேலை மூன்று நாளைக்கும் காயாது. இவர் நல்ல மனுஷன், அதை இப்போதும் சொல்வேன். குடியில்லை, கை நீட்டுவதில்லை. ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை தடித்தால் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கிவிடுவார். அவர் நாடா கட்டி முடிவதற்குள் என் கோபம் ஆறிவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

இவருடைய அம்மா, என் மாமி, துறைமுகத்தடியில் தனியாக இருந்தார். வாய் கூர்மை, கை தாராளம். சில வருஷமாகியும் என் வயிறு சும்மா இருந்தது அவருக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. ஒரு சித்திரை வருஷப் பிறப்புக்கு வந்து நாங்கள் திரும்பும் அன்று, துறைமுகத்துப் பழைய பண்டசாலைச் சுவர் வெடிப்பில் முளைத்திருந்த அரசங்கன்று ஒன்றை வேர் அறாமல் கிளப்பி, ஈரச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்தார்.

"பிள்ளை, அந்தக் குளிர் ஊரில அரசுக்கு எங்க போறது? இதைக் கொண்டுபோய் வை. திங்கக்கிழமை விடிய முழுகிப்போட்டு, ஈரச் சேலையோட நூற்றெட்டுத் தரம் சுத்து. மரம் தழைக்கத் தழைக்க உன்ர வயிறும் தழைக்கும்."

நுவரெலியாவில் விகாரையில் ஒரு அரசு இருக்கத்தான் செய்தது. அங்கே போய் நாலு பேர் பார்க்கச் சுற்ற எனக்குக் கூச்சம். கன்றை வாங்கிக்கொண்டேன். நானும் ஆசைப்பட்டவள்தானே.

குடியிருக்கும் வளவில் அரசை நட்டால் குடி கெடும் என்பார்கள். அதனால் சட்டியில் வைத்து வாசலில் விட்டோம். தை மாதத்து உறைபனி ஒரே விடியலில் இலையெல்லாம் கருக்கிவிட்டது. நான் சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல். இவர் அதைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுவந்து விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டியைச் சுற்றித் தன் பழைய சுவெட்டரைக் கட்டினார். பகலில் வெயில் எட்டிப் பார்த்தால் ஜன்னலுக்குத் தூக்குவோம், பொழுதுபட்டால் அடுப்படிக்கு. மாசி முடியும்போது ஒரு கணுவில் செம்பு நிறத்தில் தளிர் வந்தது. அன்றைக்கு இவர் கந்தோருக்குப் பிந்திப் போனார்.

அதன் பிறகு கன்று இவருடைய பைத்தியமாகிவிட்டது. யாரோ ஒரு துரை விட்டுப்போன பழைய சஞ்சிகையில், யப்பான்காரர் தட்டில் வளர்க்கும் குட்டி மரங்களின் படத்தைக் கண்டிருக்கிறார். அடுப்படியில் பெரிய மரத்துக்கு இடமில்லை, இதுதான் வழி என்றார். எனாமல் தட்டு ஒன்றில் ஆணியால் துளை போட்டு, கன்றை அதற்கு மாற்றினார். தந்தி வேலையில் மிஞ்சிய செப்புக் கம்பித் துண்டுகளைக் கிளைகளில் சுற்றி வளைத்தார். வருஷத்துக்கு ஒருமுறை மரத்தைத் தட்டிலிருந்து கழற்றி, என் தையல் கத்தரிக்கோலால் வேரைச் சுற்றிவரக் கழித்தார்.

"வேரை விட்டா தட்டையும் உடைச்சு, எங்களையும் எழுப்பிப்போடும்" என்பார். மரம் தழைத்தால் வயிறு தழைக்கும் என்பது மாமியின் நம்பிக்கை. மரத்தைத் தழைக்காமல் பார்த்துக்கொள்வது மகனின் பொழுதுபோக்கு. நடுவில் நான் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த குவாட்டர்ஸில் ஒரு சிங்கள அக்கா இருந்தார். என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். ஒருநாள் சீனி இரவல் கேட்டு வந்தவர், இவர் வேர் வெட்டுவதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார். "அனே, நங்கி, போ கஹ வெட்ட வேணாம். பாவம்." போ கஹ என்றால் அரசமரம். அவர்களுக்கு அதில் இலை கிள்ளவே கை கூசும். இவர் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சீனியைக் கொடுத்தபோது என்னால் அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

திங்கட்கிழமைகளைச் சொல்ல வேண்டும். விடியப் பச்சைத் தண்ணீரில் முழுகினால் உயிர் போய்விடும் என்று இவர் எழும்பி வெந்நீர் வைத்துத் தருவார். முன்னறை நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் தட்டு, தட்டில் முழங்கை அளவு அரசு. ஈரச் சேலை காலில் ஒட்ட, நான் சுற்றுவேன். உண்மையான மரம் என்றால் ஒரு சுற்றுக்கு நடக்க வேண்டும். ஸ்டூலைச் சுற்ற என்ன இருக்கிறது? பம்பரம் மாதிரி நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டிருப்பேன். அரசைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொன்னது ஆம்பிளையாகத்தான் இருக்கும். ஆனால் பொய் இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு திங்களும்.

ஒருநாள் துணி அலசப் பொதுக் குழாயடிக்குப் போனேன். சிங்கள அக்காவின் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் ஈரத் துவாயைத் தலையில் போட்டு, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாளியைச் சுற்றினாள். பெரியவள் எண்ணினாள். என் ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் எத்தனை நாள் பார்த்தார்களோ தெரியாது. அக்கா ஓடிவந்து இரண்டு பேரையும் காதில் பிடித்து இழுத்துப்போனார். குழாயடியில் நான் தனியே நின்றேன். காது இரண்டும் கொதித்தன. அடுத்த நாள் ஜன்னலுக்குத் தடித்த சீலையில் திரை தைத்துப் போட்டேன்.

அப்படித் திரைக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, இவர் வெந்நீர் வைத்துத் தந்துவிட்டு வேளைக்கே கந்தோருக்குப் போனபிறகு, பாதியில் சுவர் என்னோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது. பின்கதவைத் திறந்து கழிவுநீர்க் கானில் குனிந்து சத்தி எடுத்தேன். சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார், நெஞ்சைத் தடவினார், கண்ணைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி நாள் கேட்டார். அந்த மாதம் எனக்கு நாள் தள்ளித்தான் போயிருந்தது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் வெள்ளைப் பூ பறித்துவந்து எனாமல் தட்டில் வைத்துக் கும்பிட்டார். வருஷக்கணக்கில் ஸ்டூலைச் சுற்றினால் எவளுக்குத்தான் தலை சுற்றாது? அந்த நேரம் அது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க நான் விடவுமில்லை.

இவர் வரும்வரை பொறுக்க முடியாமல் மாமிக்கு எழுதினேன். அதிலும் என் புத்தியைப் பாருங்கள், வீட்டில் கிடந்த தபாலட்டையில் எழுதினேன். "நாள் தள்ளிப் போயிருக்கிறது மாமி, இன்று சத்தியும் எடுத்தேன்." பெட்டியில் போட்டுவிட்டு மிதந்துகொண்டு வந்தேன். தபால் கந்தோர்க்காரரின் பெண்சாதி தபாலட்டையில் எழுதினால் அதை யார் முதலில் வாசிப்பார்கள்? பின்னேரத்துக்குள் முத்திரை குத்துகிறவர் முதல் கட்டுச் சுமக்கிறவர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் சொல்லுமுன் இவருக்குக் கைகொடுத்து வாழ்த்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். நான் சிரித்துக்கொண்டு போனேன். பிழையான விலாசத்துக்கு வந்த பார்சலைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"நான் கந்தோருக்குப் போனபிறகு இஞ்ச ஆர் வந்து போறது?" என்று கேட்டார்.

"சிங்கள அக்காதான். வேற ஆர்?"

அவர் கண் ஜன்னலில் போட்ட தடித்த திரைக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. எனாமல் தட்டைத் தூக்கி அவர் தலையில் போட்டிருக்க வேண்டும். கை போனதுதான். தட்டில் அக்கா வைத்த பூ இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"என்ன கேள்வி கேக்கிறீங்கள் என்று தெரிஞ்சுதான் கேக்கிறீங்களோ?"

அவர் கதிரையை இழுத்து அதில் இருந்தார். குனிந்து நாடாவைப் பிடித்தார். கட்டியிருந்த நாடா, கழற்றவும் இல்லை, கட்டவும் இல்லை. அப்படியே நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"போன வருஷம் கண்டிக்குப் போனனான் தெரியுமெல்லே. அது கந்தோர் வேலை இல்லை. டாக்குத்தரிட்டக் காட்டினனான். குறை என்னிலதான். படிக்கிற வயசில எனக்குக் கூகைக்கட்டு வந்தது, தாடை வீங்கிக் காய்ச்சல். அதால வந்ததாம். ஒரு நாளும் ஏலாதாம்."

"அப்ப இவ்வளவு நாளும் நான் எதைச் சுத்தினனான்?"

"நீர் நம்பிச் சுத்தினீர். எனக்குச் சொல்ல வாய் வரேல்லை."

பிள்ளை கிடைக்காது என்பதை விட வேறொன்றுதான் என்னை முதலில் சுட்டது. விடியப் பனிக்குள் எழும்பி வெந்நீர் வைத்துத் தந்தவர் இவர். உடம்போடு ஒட்டிய சேலையில் நான் ஒரு தட்டைச் சுற்றியதை, பலிக்காது என்று தெரிந்துகொண்டே கதவடியில் நின்று பார்த்தவர் இவர். குழாயடியில் அந்தக் குழந்தைகள் என்னைப் பழித்துக் காட்டியபோது வந்த வெட்கம் இதற்குப் பக்கத்திலும் வராது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு அவர் அழுதார். ஆம்பிளை அழுதால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கிழமைக்குள் நான் வழக்கம்போல வீட்டுக்கு விலக்கானேன். அதற்குள் திருமலையில் மாமி பிள்ளையாருக்குப் பொங்கி, தெருவுக்கெல்லாம் பங்கிட்டாயிற்று. இவர் தாய்க்கு எழுதினார்: கலைந்து போய்விட்டது. இல்லாத பிள்ளைக்கு ஒரு சாவும் எழுதியாயிற்று. நான் தடுக்கவில்லை. தலைசுற்றியதைக் கர்ப்பம் என்று எழுதியவள் எந்த முகத்தோடு தடுப்பது?

அடுத்த வருஷம் திருமலைக்கே மாற்றம் கிடைத்தது. ரயிலில் வழிநெடுக மரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதை அங்கே விட்டுவர மனம் வரவில்லை. மாமி வீட்டு வாசலில் அயல் பெண்கள் நாலைந்து பேர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நின்றார்கள். மாமி என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு என் கையில் இருந்த தட்டைக் கண்டார்.

"இது என்ன, பிள்ளை?"

"நீங்கள் தந்த அரசு, மாமி."

மாமி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தண்டில் கம்பி வெட்டிய தழும்பைத் தடவினார். மண்ணை விரலால் விலக்கி, கட்டையாகக் கழித்த வேரைக் கண்டார்.

"நான் தந்தது மரமாகிற கன்று. இத்தனை வருஷத்துக்கு இது தென்னை உயரம் வந்திருக்கும். அரசின்ர வேரை வெட்டிப்போட்டு, வயிறு தங்கேல்லை எண்டால் எப்பிடித் தங்கும்? உன்ர வயித்தில நீயே கத்தி வைச்சிட்டாய், பிள்ளை." மாமி கோபத்தில் சொல்லவில்லை. அழுதுகொண்டு சொன்னார்.

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் படியில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாடா, பிறகு மற்ற நாடா. வெட்டினது நான் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். மற்றதை, கண்டிக் கதையை, நான் அன்றைக்கு எதிர்பார்க்கவில்லை. அதுகூட வரவில்லை. சப்பாத்துகளைச் சோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். வாய் இல்லாதவள் இல்லை நான். ஆனால் புருஷனுடைய குறையை அயல் பெண்கள் முன்னால் பெண்சாதி எடுத்து வைப்பதா? அவர் வாயால் வரட்டும் என்று விட்டேன். பிறகு வந்த வருஷமெல்லாம் அதற்காகவே காத்திருந்தேன்.

மாமி அன்றே கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துறைமுகத் தெருவில் இருந்த சின்னப் பிள்ளையாரடியில் குழி வெட்டி மரத்தை நட்டார். குளிரிலும் தட்டிலும் அடைபட்டுக் கிடந்தது, திருமலை மண்ணில் விட்டதும் வெறி பிடித்த மாதிரி வளர்ந்தது. இரண்டு மழைக்குள் கூரைக்கு மேலே போய்விட்டது. சுற்றிய ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது, பிறகு இன்னொருத்திக்கு. சனம் வரத் தொடங்கியது. திங்கட்கிழமைகளில் மாமி அடியில் பாய் போட்டு இருந்து, வருகிறவர்களுக்கு முறை சொல்லுவார். முடிவில் தவறாமல் ஒன்று சொல்லுவார்: "வேரில மட்டும் கை வைச்சிடாதேங்கோ. என்ர மருமகள் வெட்டினவள். அவளுக்கு ஒண்டும் நிக்கேல்லை." நான் ஏன் மறுதெருவால் போனேன் என்று இப்போது விளங்கும்.

பாலையூற்றுப் பெண் ஒருத்தி, பல வருஷம் சுற்றிப் பெற்றவள், முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மரத்தைக் கொண்டுவந்தவர்கள் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குத் திருநீறு பூச வேண்டும் என்று நேர்ந்திருக்கிறாளாம். மாட்டேன் என்றேன். மாமி அதட்டினார், இவரும் நானும் போனோம். மரத்தடியில் சம்மணம் கட்டி இருந்தேன். அவள் பிள்ளையை என் மடியில் வைத்தாள். என்ன சூடு அது. உள்ளங்கை அளவு முதுகு, அதற்குள் மூச்சு ஏறி இறங்கியது. இப்படி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஊரே பார்க்க நான் கூசிக் குறுகினேன். அவளுடைய நேர்த்திப் பொங்கலுக்கு வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். மாமி தொடங்கினார்.

"பாருங்கோ, பெத்தவளுக்கு ஒரு நீதி. வேரை வெட்டினவளுக்கு..."

"அம்மா, வேரை வெட்டினது நான்."

இவர்தான். பிள்ளையார் முன்னால் வெறுங்காலோடு நின்றார். கட்டவும் கழற்றவும் காலில் ஒன்றும் இருக்கவில்லை.

"இவள் கத்தரிக்கோல் தந்தவள், அவ்வளவுதான். வெட்டினது நான். பிள்ளை இல்லாததும் என்னாலதான். டாக்குத்தர் அப்பவே சொன்னவர். கலைஞ்சதெண்டு நான் எழுதினதும் பொய்."

எத்தனை வருஷம் காத்திருந்தேன் இந்தச் சொல்லுக்கு. வந்தபோது எனக்கு நெஞ்சு குளிரவில்லை. எழும்பி ஓடி அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. மடியில் பிள்ளை இருந்ததால் ஏலாமல் போயிற்று. இத்தனை பெண்கள் முன்னால் ஒரு மனுஷன் தன்னை உரித்துக்கொண்டு நிற்கிறார், பார்த்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாமி மகனைப் பார்க்கவில்லை. மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எனக்குத் தெரியும், தம்பி. கூகைக்கட்டு கீழ இறங்கிப்போட்டுது, இவனுக்குப் பிள்ளை பிறக்காது எண்டு வைத்தியம் பாத்த பரியாரி அண்டைக்கே சொன்னவர். அந்தாளின்ர சொல்லைப் பிள்ளையார் பொய்யாக்குவார் எண்டு நினைச்சன்."

கலியாணத்துக்கு முந்தியே தெரியும். கன்றைப் பிடுங்கி என் மடியில் வைத்தபோதும் தெரியும். பாய் போட்டு இருந்து என்னைக் காட்டிக் காட்டிக் கதை சொன்ன ஒவ்வொரு திங்களும் தெரியும். நான் மாமியைப் பார்த்தேன். கேட்க வாய் நிறைய இருந்தது. மாமியின் கை பாயின் ஓரத்தை இழை இழையாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்து வந்த வெட்கம் யாருக்காக என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எல்லோருக்குமாகத்தான் இருக்கும்.

அப்போது மடி சூடாக நனைந்தது. தாய்க்காரி பதறிக் கையை நீட்டினாள்.

"ஐயோ அம்மா, நல்ல சேலை. தாங்கோ, நான் தூக்கிறன்."

"இருக்கட்டும், பிள்ளை" என்றேன். "பிறகு தாறன்."